வாசல் விளக்கு

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள், அல்லவா? எங்கள் வீட்டுக்குள் அது புகவில்லை. வாசல் வரைதான் வந்தது.

சென்ற பங்குனியில் ஒரு விடியற்காலை. பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தேன். பெசன்ட் நகரில், கடற்கரையை ஒட்டிய தெரு எங்களுடையது. நடுத்தெருவில் தீப்பெட்டி அளவில் ஏதோ நசுங்கிக் கிடந்தது. குனிந்து பார்த்தேன். கடலாமைக் குஞ்சு! ஏதோ வண்டி ஏறியிருக்கிறது. இரண்டடி தள்ளி இன்னொன்று, உயிரோடு, எங்கள் வாசல் விளக்கைப் பார்த்து ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

எனக்குச் சொரேல் என்றது. இரவு முழுவதும் அந்த விளக்கை எரியவிட்டவள் நான்தானே!

தையிலிருந்து பங்குனி வரை, தாய் ஆமைகள் இரவில் நம் கரையேறி, மணலில் குழி பறித்து, நூறு முட்டைக்குமேல் இட்டு மூடிவிட்டுப் போய்விடும். பங்குனி ஆமை என்றே அதற்குப் பெயர். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு குஞ்சுகள் பெரும்பாலும் இருட்டில்தான் வெளிவரும். வழிகாட்ட அம்மா இல்லை. வெளிச்சம் எங்கேயோ, கடல் அங்கே. அவ்வளவுதான் அவற்றுக்குத் தெரியும். நிலவிலும் நட்சத்திர ஒளியிலும் கரையைவிடக் கடல்தானே பளபளக்கும்? அந்தக் கணக்கை நம் பல்புகள் கெடுத்துவிட்டன.

மாணவர்கள் 1988 முதல் இந்தக் கரையில் இரவெல்லாம் நடந்து, முட்டைகளைச் சேகரித்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறார்கள். அவர்கள் கண்ணுக்குத் தப்பிய குழியிலிருந்து வந்தவைதான் இவை போலும்.

உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு ஓடினேன். நீங்களும் அப்படிக் கண்டால் கடலில் வீசிவிடாதீர்கள். வாளித் தண்ணீரிலும் போடாதீர்கள். ஈர மணலில் விட்டால் தானே நடந்து போகும். என்னுடையது போயிற்று.

இந்தத் தை பிறந்ததிலிருந்து எங்கள் வாசலில் இருட்டு. வைகாசி வரை இப்படித்தான். "திருடன் வந்தால்?" என்று முணுமுணுக்கிறார் இவர்.

வரட்டுமே. அவனாவது வழி தெரிந்து வருகிறவன்!