யார் கை கண்டது?

எங்கள் குடும்பத்தில் வைத்தியர்களுக்குப் பஞ்சமே கிடையாது. வைத்தியக் கல்லூரியின் வாசற்படியை மிதித்தவர் ஒருவரும் இல்லை, அதனால் என்ன? தலைவலி என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும். என் தாயார் சுக்கோடும், அத்தை தைலத்தோடும், பக்கத்து வீட்டுப் பென்ஷன்காரர் மாத்திரையோடும் வந்து நிற்பார்கள். இந்த வைத்திய மகாசபையில் கடைசியாகச் சேர்ந்தவன் என் தமக்கை மகன். அவன் கையில் சுக்கும் இல்லை, தைலமும் இல்லை. சுண்டுவிரல் அளவில் ஒரு கண்ணாடிக் குப்பி இருந்தது. அதன் அடியில் உப்பைப்போல் கொஞ்சம் வெள்ளைப் பொடி.

பையன் தாம்பரத்தில் படிக்கிறான், பந்தாட்டத்தில் கெட்டிக்காரன். மூன்று மாதத்துக்கு முன் ஆட்டத்தில் விழுந்ததில் முழங்கால் தசைநார் சிறிது கிழிந்துவிட்டது. அன்று முதல் அவனுக்குப் படிப்பும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"மாமா! இதை ஊசியில் ஏற்றிக்கொண்டால் கிழிந்த நார் தானே சேர்ந்துவிடுமாம். இரைப்பையிலிருந்து கண்டெடுத்த சரக்கு. உங்களுக்கு முன்பு வயிற்றுப் புண் வந்ததே, அதற்கும் இது கைகண்ட மருந்தாம்" என்றான்.

"யார் கை கண்டது, அப்பனே?" என்று கேட்டேன். பையன் விழித்தான். உண்மையில், பதில் எனக்கும் தெரியாது. ஆகவே மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க உட்கார்ந்தேன்.

அந்தப் பொடியின் ஜாதிப் பெயர் பெப்டைடு. பெயரைக் கேட்டு வாசகர்கள் மிரள வேண்டியதில்லை. நம் உடம்பின் தோலிலும் தசையிலும் புரதம் ஏராளமாக இருக்கிறது. அமினோ அமிலங்கள் என்னும் இருபது வகை மணிகளைக் கோத்த சரமே புரதம். சரம் நீளமாயிருந்தால் புரதம் என்கிறோம். குட்டையாயிருந்தால் பெப்டைடு என்கிறோம். பையனுடைய குப்பியிலிருந்தது 15 மணிகள் கொண்ட சரம். பி.பி.சி. 157 என்பது அதன் பெயர். குரோஷியா தேசத்து ஜாக்ரெப் நகர ஆராய்ச்சியாளர்கள் 1990களின் தொடக்கத்திலிருந்து இதைப்பற்றி எழுதி வருகிறார்கள். இரைப்பை நீரிலுள்ள ஒரு புரதத்தின் துண்டு இது என்பது அவர்கள் கூற்று. எலிகளுக்கு உண்டாக்கிய இரைப்பைப் புண்ணும் அறுத்த தசைநாரும் இதனால் விரைவில் ஆறின என்கிறார்கள்.

இரைப்பையில் இப்படி ஒரு சரக்கு இருக்கும் என்பது நம்பத்தகாத விஷயமன்று. மாமிசத்தையும் கரைக்கும் அமிலத்தை நாள் முழுவதும் சுமந்துகொண்டு, தன்னை மட்டும் கரைத்துக்கொள்ளாமல் இருக்கும் பாத்திரம் அது. உட்புறம் முழுவதும் வழவழப்பான பூச்சு. அதன் கீழுள்ள மேற்பரப்பு அணுக்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. நம் உமிழ்நீரிலேகூட 53 மணிகள் கொண்ட ஒரு சரம் இருக்கிறது. புதுத் தோல் வளரத் தூண்டுவது அதன் தொழில். அதைச் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் கண்டுபிடித்த ஸ்டான்லி கோஹன், 1986ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். காயம் பட்ட விரலைக் குழந்தை வாயில் வைத்துக்கொள்வதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். குழந்தை ஒரேயடியாக அசடு அல்ல.

என் வயிற்றுப் புண் கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அது காரத்தால் வந்தது என்றார் ஒருவர். கவலையால் வந்தது என்றார் இன்னொருவர். காரத்தை விட்டேன், கவலையை விட முடியவில்லை. நம் பாட்டனார் காலத்தில் இதற்குக் கத்திதான் கதி. எவரெஸ்ட் சிகரத்தின்மேல் 1922லும் 1924லும் ஏற முயன்ற ஸோமர்வெல் என்னும் ஆங்கிலேய சர்ஜன், நாகர்கோயில் பக்கத்து நெய்யூரில் நெடுங்காலம் தங்கி, எத்தனையோ ஏழைகளுக்கு இரைப்பைப் புண் ரணசிகிச்சை செய்தார். பிறகு, 1982ல், ஆஸ்திரேலியாவில் வாரன், மார்ஷல் என்னும் இருவர் அந்தப் புண்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு கிருமியே காரணம் என்ற முடிவை நோக்கி முதல் அடி வைத்தார்கள். உலகம் நம்பவில்லை. 1984ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் கொண்டார். இருவருக்கும் 2005ல் நோபல் பரிசு வந்தது. எனக்கு இரண்டு வாரம் மாத்திரை வந்தது, புண் போயிற்று.

இதைக் கேட்டதும் பையன் பிடித்துக்கொண்டான். "அவர் மட்டும் யாரும் சோதிக்காததைக் குடிக்கவில்லையா, மாமா? நான் போட்டுக்கொண்டால் என்ன?"

கேள்வி நியாயமானதுதான். அன்றிரவு முழுவதும் அது என்னை உறுத்திற்று.

மறுநாள் காலுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரைக் காண்பதற்காக இருவரும் தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ரயில் ஏறினோம். குப்பி அவன் சட்டைப் பையில் இருந்தது. குரோம்பேட்டை வந்ததும், "இந்த ஊருக்கு ஏன் இந்தப் பெயர் தெரியுமா?" என்று கேட்டேன். தெரியாது என்றான். ஒரு காலத்தில் இங்கே இயங்கிய குரோம் தோல் தொழிற்சாலையால் வந்த பெயர் அது. இந்தப் பகுதியில் தோல் பதனிடுவது பழைய தொழில். குரோமிய உப்பு பச்சைத் தோலில் என்ன செய்கிறது? தோலிலுள்ள காலஜன் என்னும் புரத இழைகளை ஒன்றோடொன்று இறுகப் பிணைக்கிறது. அதனால் தோல் அழுகுவதில்லை. செருப்புத் தோலிலுள்ள அதே காலஜன்தான் பையனுடைய தசைநார். என் இரைப்பைச் சுவரின் தாங்குகட்டு. காயம் ஆறியபின் நிற்கும் தழும்பு. நம் உடம்பின் புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதுவே.

ரயில் கிண்டியில் நின்றது. அந்த நிலையத்தில் இறங்குகிற ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு இந்தச் செய்தி தெரியும்? காலஜன் எப்படி அமைந்திருக்கிறது என்பதை உலகுக்கு முதலில் சொன்ன இடங்களில் கிண்டி முக்கியமானது. 1952ல் சென்னைச் சர்வகலாசாலையின் பௌதிகப் பிரொபஸராக வந்த ஜி. என். ராமசந்திரனுக்கு அப்போது முப்பது வயது. பிரிட்டிஷ் விஞ்ஞானி பெர்னால் இங்கு வந்தபோது, காலஜனின் அமைப்பு இன்னும் விளங்கவில்லை என்று சொன்னார். பக்கத்திலேயே அடையாற்றில், 1948ல் ஏற்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. ராமசந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காருவின் வால் நாரை எக்ஸ்ரே கதிரில் வைத்துப் படம் பிடித்துக் கணக்குப் போட்டார்கள். மூன்று சரங்கள் ஒன்றையொன்று சுற்றிய முப்புரிக் கயிறு என்ற முடிவு 1954ல் வெளிவந்தது. 1955ல் அதையே திருத்தி, கயிற்றின் முறுக்கை இன்னும் சரியாகச் சொன்னார்கள். சரத்தில் ஒவ்வொரு மூன்றாவது மணியும் கிளைஸீன் என்னும் மிகச் சிறிய மணி. மூன்று புரிகளும் நெருங்கும் நடுவிடத்தில் அதைவிடப் பெரியதற்கு இடமில்லை!

சீமையில் சிலர் மறுத்தார்கள். கேம்பிரிட்ஜிலிருந்து வேறு திருத்தம் வந்தது. ராமசந்திரன் வாதத்தோடு நின்றுவிடவில்லை. அணுக்கள் ஒன்றையொன்று எவ்வளவு நெருங்கலாம், சரம் எந்தக் கோணங்களில் மடங்கலாம் என்று தம் சகாக்களான ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் கணக்கிட்டார். 1963ல் வெளியான அந்த வரைபடத்தில் வைத்துத்தான் இன்றும் உலகெங்கும் புதிய புரத அமைப்புகளைச் சரிபார்க்கிறார்கள். பிறர் குறை சொன்னதை அவமானமாகக் கொள்ளாமல் உரைகல்லாகக் கொண்டார் அந்த மனிதர். தேசத்துக்குப் பெருமை இப்படித்தான் வருகிறது.

அடையாற்று நிலையத்தாரும் சும்மா இருக்கவில்லை. காலஜனை மெல்லிய ஏடாக்கித் தீப்புண்மேல் போர்த்தும் முறையை உருவாக்கினார்கள். செருப்புக்கு ஆகும் சரக்கு மனிதனுக்கு மேல் தோலாயிற்று.

நடந்துகொண்டே இரவு கிடைத்த பதிலைச் சொன்னேன். "மார்ஷல் குடித்தது குணமாவதற்காக அல்ல, அறிவதற்காக. குடிக்குமுன் தம் இரைப்பையைக் குழாய் விட்டுப் பார்க்கச் செய்தார். பின்பும் பார்க்கச் செய்தார். அதோடு விஷயம் முடியவில்லை. அநேக நோயாளிகளிடம் மாத்திரை கொடுத்தும் கொடுக்காமலும் ஒப்பிட்ட பிறகே அது என்னிடம் வந்தது. 1747ல் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர், பல் ஈறு அழுகிய 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, இரண்டு பேருக்கு மட்டும் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துப் பார்த்தார். அவர்கள்தான் விரைவில் எழுந்தார்கள். முப்புரிக் கயிறு உறுதிப்பட வைட்டமின் 'ஸி' வேண்டும் என்பது பின்னால் தெரிந்தது. உன் பொடிக்கு மனிதரிடம் அத்தகைய பெரிய ஒப்பீடு எங்கே? மிகச் சிலரிடம் செய்த சிறு சோதனைகள்தாம் உண்டு. உன் காலோ எதுவும் போடாமலே கொஞ்சம் கொஞ்சமாக ஆறும். ஆறினால் பெருமை குப்பிக்குப் போகும். கெடுதல் வந்தால் பொறுப்பு யாருக்கும் இராது."

பையன் பதில் சொல்லவில்லை. டாக்டர் குப்பியை வாங்கிச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர் உபயோகத்துக்கன்று' என்று எறும்பெழுத்தில் அச்சடித்திருந்தது. "விளையாட்டு வீரர்களுக்கு இதை 2022ல் உலக ஊக்கமருந்துத் தடுப்புச் சபை தடை செய்ததே, தெரியுமா?" என்றார். பையனுடைய முகம் வெளுத்தது. அடுத்த ஆண்டு பல்கலைக்கழகக் குழுவில் சேர வேண்டும் என்பது அவன் கனவு. டாக்டர் எழுதிக் கொடுத்தது ஊசியல்ல. சில மாதங்களுக்கான தேகப் பயிற்சி.

இப்போது தினம் காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்குகிறான். சலிப்பான காரியம்தான். ஆயினும் போன வாரம் தெருக்கோடிவரை மெதுவாக ஓடிவிட்டு வந்தான்.

வந்ததும் பாட்டி ஒரு கிண்ணம் நெல்லிக்காய்ப் பச்சடியை நீட்டி, "சாப்பிடு, புண் ஆற இது கைகண்டது" என்றாள்.

"யார் கை கண்டது, பாட்டி?" என்று என்னைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டான் அந்தப் போக்கிரி.

"என் கைதான்!" என்று, சுருக்கம் விழுந்த தன் கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள் என் தாயார். லிண்டின் மாலுமிகளை எண்ணிக்கொண்டு, நான் வாயைத் திறக்காமல் எனக்கும் ஒரு கிண்ணம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.