பாலைவனத்தில் ஆளில்லா ஊர்கள்

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோரமாக நீண்டு ஒடுங்கிக் கிடக்கும் நாடு சிலி. அதன் வடக்கே உள்ள அட்டகாமா பாலைவனம் உலகின் மிக வரண்ட நிலங்களுள் ஒன்று. சில இடங்களில் ஆண்டுக்கணக்காக ஒரு துளி மழையும் விழுவதில்லை. புல் இல்லை, மரம் இல்லை, காகம்கூட இல்லை. இந்த மண்ணில் ஒருகாலத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட சுரங்கக் குடியிருப்புகள் இருந்தன. கலியாணங்கள் நடந்தன, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். இன்று அவற்றில் பெரும்பாலானவை ஆளில்லா ஊர்கள்.

2023 நவம்பரில் சமூகப்பணிப் பயிற்சி ஒன்றுக்காக இகீக்கே என்ற துறைமுக நகருக்குச் சென்றிருந்தேன். விடுமுறை நாட்களில் காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய இரண்டு பயணங்களை மேற்கொண்டேன். அங்கு கண்டவற்றை எமது சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலாவது, ஹம்பர்ஸ்ரன். இகீக்கேயிலிருந்து ஏறத்தாழ 47 கிலோமீற்றர். பஸ் கடற்கரையை விட்டதும் செங்குத்தான மலையில் ஏறுகிறது. மேலே போனதும் கண்ணுக்கெட்டிய தூரம் மண்ணிறத் தரை. போகிறவர்கள் தண்ணீரும் தொப்பியும் கட்டாயம் கொண்டுபோக வேண்டும். ஒதுங்கி நிற்க நிழல் கிடைப்பது அரிது.

அந்தத் தரைக்கடியில் இருந்ததுதான் அத்தனை ஊர்களுக்கும் காரணம். அது சோடியம் நைத்திரேற்று என்னும் உப்பு. பயிருக்குப் பசளையாகவும் வெடிமருந்து செய்யவும் உலகமே அதைத் தேடியது. தொழிலாளர் பாறையை வெடிவைத்துத் தகர்ப்பார்கள். அதை நொறுக்கிப் பெரிய தொட்டிகளில் கொதிக்கவைத்து, வடித்து, வெயிலில் காயவிட்டால் வெள்ளை உப்புப் படியும். இந்தப் பகுதி முன்பு பெரு நாட்டுக்குரியது. 1879இல் தொடங்கிய போரில் சிலி அதைக் கைப்பற்றியது. பிறகு பல ஆண்டுகள் சிலி அரசின் வருமானத்தில் ஏறத்தாழப் பாதி இந்த உப்பிலிருந்தே வந்தது.

ஹம்பர்ஸ்ரன் 1872இல் லா பல்மா என்ற பெயரில் தொடங்கப்பட்டது. உள்ளே நுழைந்ததும் தகரக் கூரை போட்ட வீடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. எமது மலையக லயன்களை நினைவூட்டும் வரிசைகள் அவை. தனியாட்களுக்கு ஒடுங்கிய அறைகள், குடும்பங்களுக்குச் சற்றுப் பெரியவை, அதிகாரிகளுக்கு விறாந்தை வைத்த வீடுகள். யார் யாருக்கு எவ்வளவு மதிப்பு என்பதைக் கூரைகளைப் பார்த்தே சொல்லிவிடலாம். நடுவில் சதுக்கம், தேவாலயம், சந்தை, தியேட்டர், இரும்புத் தகடுகளால் செய்த நீச்சல் தடாகம். பள்ளிக்கூடத்தில் மர மேசைகள் அப்படியே இருக்கின்றன. மழை இல்லாததால் எதுவும் லேசில் உக்குவதில்லை. தேய்ந்த சப்பாத்துகளையும், பிள்ளைகள் கம்பியாலும் தகரப் பேணியாலும் செய்த விளையாட்டு வண்டிகளையும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

என்னை அதிகநேரம் நிற்கவைத்த இடம் கம்பனிக் கடை. பல காலம் தொழிலாளிக்குக் காசு கொடுக்கப்படவில்லை. பீச்சா எனப்படும் வில்லையே கூலி. ஒரு கம்பனியின் வில்லை அந்தக் கம்பனியின் கடையில்தான் செல்லும். விலையும் அவர்கள் சொன்னது, நிறையும் அவர்கள் சொன்னது. குடும்பம் நடத்திய பெண்கள் அந்த மேசைக்கு முன்னால்தான் ஒவ்வொரு நாளும் கணக்குப் பார்த்து நின்றிருப்பார்கள்.

1907 டிசம்பரில் பாலைவனத்து ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர் மனைவி பிள்ளைகளுடன் இகீக்கேக்கு இறங்கி வந்தார்கள். வில்லைக்கு முழுப் பெறுமதி வேண்டும், கொதிதொட்டிகளுக்கு மேல் ஆட்கள் விழாதபடி இரும்புக் கிராதி வேண்டும், இரவுப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்டார்கள். அவற்றுடன் இன்னொன்றும் கேட்டார்கள். ஒவ்வொரு கடைக்கும் வெளியே, வாங்கிய பொருளைத் தாங்களே நிறுத்துப் பார்க்க ஒரு தராசு வேண்டும். நிவாரணத்துக்கு வரிசையில் நின்ற எமக்கு அந்தத் தராசின் அருமையை ஒருவரும் விளக்கத் தேவையில்லை. டிசம்பர் 21ஆம் திகதி, அவர்கள் தங்கியிருந்த சாந்தா மரியா பள்ளிக்கூடத்தில் இராணுவம் சுட்டது. இறந்தோரின் தொகை பற்றி இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. பெண்களும் பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர்.

ஊர்கள் வெறுமையானதற்குக் காரணம் வெகு தொலைவில் பிறந்தது. காற்றிலிருந்து அமோனியா செய்யும் வழியை ஜேர்மனியில் கண்டுபிடித்தார்கள். 1913இல் அதற்குத் தொழிற்சாலையும் இயங்கத் தொடங்கியது. செயற்கைப் பசளை வந்ததும் பாலைவன உப்பின் விலை சரிந்தது. 1929இன் உலகப் பொருளாதார வீழ்ச்சி பல சுரங்கங்களை மூடவைத்தது. லா பல்மாவை 1934இல் வேறொரு கம்பனி எடுத்து, ஹம்பர்ஸ்ரன் என்று பெயர் மாற்றி நடத்தியது. சுமார் 3,700 பேர் வாழ்ந்த அந்த ஊரும் 1960இல் மூடப்பட்டது. வேலை கம்பனியுடையது, வீடும் கம்பனியுடையது. ஆகவே ஒன்று போனபோது மற்றதும் போயிற்று.

அதன்பின் மரமும் இரும்பும் களவுபோயின. ஊரை மீட்டவர்கள் அங்கே பிறந்து வளர்ந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளுமே. அவர்கள் சேர்ந்து அமைத்த கழகம் 2002இல் ஹம்பர்ஸ்ரனைப் பொறுப்பேற்றது. 2005இல் ஹம்பர்ஸ்ரனும் அருகிலுள்ள சாந்தா லவுராவும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அழியும் ஆபத்தில் உள்ளவை என்றும் அப்போதே குறிக்கப்பட்டன. திருத்த வேலைகளுக்குப் பின் 2019இல்தான் அந்தக் குறிப்பு நீங்கியது.

ஒவ்வொரு நவம்பரிலும் பழைய குடியிருப்பாளர் இங்கே திரும்பி வந்து கூடுகிறார்கள். வீட்டு வாசலொன்றில் குந்தியிருந்த ஒரு மூதாட்டியுடன் மொழிபெயர்ப்பாளர் மூலம் பேசினேன். பதினைந்து வயதில் இந்த ஊரை விட்டுப் போனவராம். அடுப்பு இருந்த மூலை, தாயார் உடுப்புக் காயப்போட்ட கயிறு கட்டிய இடம், பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். வீடு ஒருநாளும் தங்கள் பெயரில் இருந்ததில்லை என்றும், முற்றத்தைக் கூட்டியது மட்டும் தாங்கள்தான் என்றும் சொல்லிச் சிரித்தார். நவம்பர் 1ஆம் திகதி இந்த மக்கள் பாலைவனத்துச் சுடலைகளுக்கும் போவார்கள். பூ மலராத மண் என்பதால் கடதாசியாலும் தகரத்தாலும் பூச்செய்து சிலுவைகளில் கட்டுவார்கள்.

இரண்டாவது பயணத்துக்காக இரவு பஸ்ஸில் தெற்கே அந்தோபகஸ்தா நகருக்குப் போனேன். அங்கிருந்து சுமார் 100 கிலோமீற்றர் தூரத்தில், கலாமாவுக்குப் போகும் வழியில் சக்கபூக்கோ இருக்கிறது. 1924இல் இயங்கத் தொடங்கிய அந்தச் சுரங்க ஊர் பதினைந்து ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. 1973இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின் அதே தொழிலாளர் வீடுகள் அரசியல் கைதிகளின் சிறை முகாமாயின. புதிதாக முட்கம்பியும் காவற்கோபுரமும் போதுமாயிருந்தன. சுற்றிக் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன. சிலி தன் நிலம் முழுவதிலும் கண்ணிவெடி அகற்றி முடித்தது 2020இல்தான். பிற்காலத்தில் முன்னாள் கைதி ஒருவர் திரும்பி வந்து, பல ஆண்டுகள் தனியாக அங்கே தங்கி, வருகிறவர்களுக்கு நடந்ததைச் சொல்லிவந்தார்.

அதே வீதி போய்ச் சேரும் கலாமாவில் 1973 ஒக்டோபர் 19ஆம் திகதி 26 ஆண்கள் கொல்லப்பட்டுப் பாலைவனத்தில் மறைக்கப்பட்டார்கள். அவர்களின் மனைவியரும் தாய்மாரும் சகோதரிகளும் மண்வெட்டியுடன் அந்தப் பெருவெளியில் தேடினார்கள். பதினேழு ஆண்டுகளுக்குப் பின், 1990இல், எலும்புத் துண்டுகள் சில கிடைத்தன. உடல்கள் முன்பே தோண்டி அகற்றப்பட்டிருந்தன. கிடைத்தது கொஞ்சம். ஆனால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று அதன்பின் ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

அந்த மூதாட்டியிடம் உறுதி இல்லை, வரைபடம் இல்லை. ஆனால் எது எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியும். எமக்கும் தெரியும். ஒரு கொப்பி எடுங்கள். விட்டுவந்த ஊரின் ஒழுங்கை, கிணறு, வேலியோர மரம், அயலட்டையில் இருந்தவர்களின் பெயர்கள், காணாமல் போனவர் கடைசியாக நின்ற இடம், திகதி எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுத முடியாத அம்மம்மா சொல்ல, பேரப்பிள்ளை எழுதட்டும். எமது மண்ணில் மழையும் கறையானும் உண்டு. பாலைவனம்போல அது எதையும் எமக்காகப் பத்திரப்படுத்தி வைக்காது.