திரையில் தெரிந்த பூச்சியம்

கழிவுநீர் உந்து நிலையம் ஒன்றில், கிணற்றோரம் மாட்டியிருந்த ஹைட்ரஜன் சல்பைடு மீட்டர் 14 பிபிஎம் காட்டியது. கண்ட்ரோல் அறைத் திரையில் 0. மூடியைத் திறப்பதா என்று அந்தத் திரையைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள் தோழர்களே. உள்ளே யாரை இறக்குவார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மீட்டரையும் கண்ட்ரோலரையும் பேச வைப்பது ஆர்எஸ்-485 கம்பியில் ஓடும் மோட்பஸ். மோடிகான் நிறுவனம் 1979இல் கொண்டுவந்தது. கேட்கும் கருவிக்கு மாஸ்டர், பதில் சொல்லும் கருவிக்கு ஸ்லேவ் என்று பெயர். 2020இல்தான் மோட்பஸ் அமைப்பு அதைக் கிளையண்ட், சர்வர் என மாற்றியது. நாம் திறக்கும் பேனல்களில் பழைய பெயரே இருக்கிறது.

கேள்வி போகும் விளக்கு மின்னியது, பதில் வரும் விளக்கு மின்னவில்லை. ஏ, பி கம்பிகளை இடம் மாற்றிப் பார்த்தோம் (எது ஏ என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபாடு). பயனில்லை, பழையபடியே முடுக்கினோம். முகவரி சரி. வேகம் இருபுறமும் 9600. பாரிட்டி மட்டும் கண்ட்ரோலரில் ஈவன், மீட்டரில் நன். அதைச் சரிசெய்ததும் பதில் வந்தது, ஆனால் சம்பந்தமில்லாத எண். கையேட்டில் 40001 என்றிருக்கும் ரிஜிஸ்டர் கம்பியில் 0 என்றே போகும். ஒன்றைக் கழித்தோம், 14 வந்தது.

அப்படியானால் முதலில் தெரிந்த 0? பதிலே வராததால் கண்ட்ரோலர் நினைவகத்தில் கிடந்த வெற்று எண். விஷவாயு இல்லை என்பதற்கும் எதுவும் தெரியாது என்பதற்கும் திரையில் ஒரே எண்! தொடர்ந்து மூன்று கேள்விக்குப் பதில் இல்லையென்றால் எண் மறைந்து, 'தொடர்பு இல்லை' என்று சிவப்பில் வந்து சைரன் அடிக்கும்படி புரோகிராமை மாற்றினோம். பிறகு கம்பியைக் கழற்றிப் பார்த்தோம். அடித்தது.