முட்டுக் கொடுத்த பிறகே உளி

கும்பகோணத்தில் என் தாத்தா கட்டிய வீடு. அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே ஒன்றரை அடிக் கனச் சுவர், செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். மேலே மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளின்மேல் சிறு செங்கற்களைக் கோணவாக்கில் நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி போட்டு அடித்த தளம்.

"மாமா, சமைக்கும்போது யார் முகமும் தெரியலை. இந்தச் சுவர்ல ஒரு வழி விடலாமா?" என்று மருமகள் கேட்டாள். என் அம்மாவும் மனைவியும் மனதிலேயே வைத்திருந்த கேள்வி அது.

மேஸ்திரி வந்து அண்ணாந்து பார்த்தார். "கட்டை எல்லாம் இந்தச் சுவர் மேலதான் உட்கார்ந்திருக்குங்க ஐயா. இன்ஜினியர் பார்த்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் நான் உளி வைக்க மாட்டேன்."

இன்ஜினியர் கணக்குப் போட்டு, ஐந்தடி வழிக்கு இரண்டு இரும்பு உத்திரங்கள் சொன்னார். முதலில் சுவருக்கு இருபுறமும் கட்டைகளுக்கு அடியில் முட்டு நின்றது. தரை அமுங்காதபடி முட்டுகளுக்குக் கீழே பலகை. பிறகு ஒரு பக்கத்திலிருந்து சுவரின் பாதிக் கனத்தை மட்டும் வெட்டி ஓர் உத்திரத்தைச் செருகினார்கள். அதன் இரு முனைகளும் முக்கால் அடிக்குக் குறையாமல் கான்கிரீட் திண்டில் அமர்ந்தன. உத்திரத்துக்கும் மேல் செங்கல்லுக்கும் இடையே கெட்டிக் கலவையை இடித்து அடைத்தார்கள். அது இறுகும்வரை மறுபாதிச் சுவர் பாரம் சுமந்தது. அதற்குப் பிறகுதான் மறுபக்கத்தைத் தொட்டார்கள்.

சுண்ணாம்புச் சுவர் அதிர்வு தாங்காது என்று மெஷின் வைக்கவில்லை. கீழ்ச்சுவரைக் கையுளியால் ஒவ்வொரு கல்லாகக் கழற்றினார்கள். பக்கத்திலிருந்த பழைய விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டியிருந்தார் மேஸ்திரி. சுவர் அசைந்தால் கண்ணாடி தெறிக்கும். முட்டுகளை ஒரேயடியாகப் பிடுங்காமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி எடுத்தார். கண்ணாடி முழுசாக இருந்தது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவின் நினைவு. அப்பா இறந்தபோது நாங்கள் நான்கு பிள்ளைகள். அப்பா சுமந்தது அத்தனையும் ஒரே நாளில் அம்மாமேல் இறங்கியது. அம்மா திடமானவள் என்று சொல்லிச் சொல்லியே நாங்கள் யாரும் பக்கத்தில் போய் நிற்கவில்லை. அவள் பேச்சுக் குறைந்தது. சாப்பாடு குறைந்தது. அந்த விரிசலைப் பார்க்க எங்களுக்கு வருடங்கள் ஆயின.

சுவரை எடுத்தாலும் பாரம் போவதில்லை. இன்னொரு தோளுக்கு மாறுகிறது. நான் ஓய்வு பெற்றபோது மகனிடம் குடும்பக் கணக்கை ஒரே நாளில் கொடுக்கவில்லை. ஒரு வருடம் பாதி அவன், பாதி நான். அம்மாவுக்குச் செய்யத் தவறியதை அவனுக்காவது செய்தேன்.

பழைய வீட்டில் வழி திறக்க நினைப்பவர்களே, தாராளமாகத் திறங்கள். காற்றும் வெளிச்சமும் பேச்சும் வரட்டும். ஆனால் அந்தச் சுவர் எதைச் சுமக்கிறது என்று தெரிந்தவரிடம் கேட்டு, முட்டுக் கொடுத்த பிறகு உளியை எடுங்கள். வீட்டு மனிதர்களிடமும் அப்படியே நடந்துகொள்ளுங்கள்.