காவிரிக் கரையில் புல்லைப் படமெடுப்பது

ஆடிக்காற்று ஓய்ந்த பிறகுதான் ஜீயபுரத்தில் புல்லைப் படமெடுக்க முடியும். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று, கரூர், குளித்தலையைத் தாண்டி ஆற்றோடு இறங்கி வந்து திருச்சி வரைக்கும் சுழற்றி அடிக்கும். வாழைத்தாரையே முட்டுக்கொடுத்துக் காப்பாற்ற வேண்டிய அந்த நாட்களில், முழங்கால் உயரப் புல்லின் நுனியில் கடுகளவு இருக்கும் பூவை லென்ஸுக்குள் பிடிப்பது நடக்கிற காரியமில்லை. புரட்டாசி பிறந்தால் காற்று தணியும். மேட்டூரில் திறந்த தண்ணீர் ஆற்றில் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றிரண்டு மழை விழுந்திருக்கும். மணல்திட்டுகளில் நாணல் வெள்ளையாகக் கதிர் தள்ளத் தொடங்கும். அப்போது கேமராவோடு கரைக்குப் போய்விட வேண்டும்.

ஜீயபுரம் திருச்சி - கரூர் சாலையில், முக்கொம்புக்குப் பக்கத்தில், காவிரியின் தென்கரையில் இருக்கிறது. பங்குனித் திருவிழாவில் ஸ்ரீரங்கத்து நம்பெருமாள் எழுந்தருளும் ஊர் என்றுதான் பலருக்கு இதைத் தெரியும். ஆறும் உய்யக்கொண்டான் வாய்க்காலும் பாய்வதால் நெல், வாழை, வெற்றிலைக் கொடிக்கால் என்று எங்கு பார்த்தாலும் பச்சை. இந்தப் பச்சையில் யாரும் விதைக்காமல், யாரும் தண்ணீர் கட்டாமல் தானாக வளர்வதைத் தேடித்தான் நான் போகிறேன். மணல்திட்டில் நாணல். கரைச் சரிவில் அருகும் மயில்கொண்டைப் புல்லும். வாய்க்கால் ஓரத்தில் கோரை. வரப்பில் காக்காய்க்கால் புல். தண்டவாளத்து ஓரச் சரளையில் கொழுக்கட்டைப் புல். வயல் முடிந்து மேட்டுநிலம் தொடங்கும் இடத்தில் ஊசிப்புல். ஒரு மைல் சுற்றளவுக்குள் இத்தனையும் உண்டு.

புல்லைப் படமெடுப்பதில் முதல் சிக்கல் உயரம். நின்றுகொண்டு எடுத்தால் எந்தப் புல்லும் தரையோடு கலந்து பச்சைக் கறையாகத்தான் தெரியும். முக்காலியின் கால்களை முழுக்க விரித்து, கேமராவைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு இறக்கி, ஈர மண்ணில் படுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது வெளிச்சம். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுக்கும் வழக்கமான முறை இங்கே உதவாது. கிழக்கே, ஆறு ஓடுகிற திசையைப் பார்த்துப் படுத்தால், எழுகிற வெயில் புல்லுக்குப் பின்னாலிருந்து வரும். கதிரில் உள்ள ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக ஒளிரும். அப்போதுதான் மயில்கொண்டைப் புல்லின் ஊதா நிறம் முழுதாகத் தெரிகிறது. உச்சி வெயிலில் அதே புல் அழுக்குச் சிவப்பாக வெளுத்துப்போகும். மூன்றாவது நேரம். புல்லின் பூவுக்கு இதழ் கிடையாது, தேன் கிடையாது, வாசனை கிடையாது. வண்டை அழைக்கும் தேவையே அதற்கு இல்லை. மகரந்தத்தைக் காற்று சுமந்து போகிறது. பல புற்களில் காலை வேளையில் செதில்கள் சற்றே திறந்து, மெல்லிய காம்பில் மகரந்தப் பைகள் வெளியே தொங்கும். பக்கவாட்டில் சூலகத்தின் இரண்டு சிறு இறகுகள் நீட்டிக்கொண்டிருக்கும். வெயில் ஏற ஏறப் பைகள் வெடித்து வதங்கிவிடும். ஆகவே விடியலுக்கும் கரையில் காற்று எழும்புவதற்கும் இடையில் கிடைக்கும் நேரம்தான் வேலை நேரம். மீதி நாளெல்லாம் பார்ப்பதற்கும் கேட்பதற்கும்.

கேட்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். என்னை மாதிரி ஒருவன் புல்லுக்கு முன்னால் படுத்துக்கிடப்பதைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து நின்று விசாரிப்பவர்கள், அந்த நேரத்தில் அங்கே வேலையாக இருப்பவர்கள். கறவைக்குப் புல் அறுக்க வந்த ஒரு அம்மா அப்படித்தான் வந்து நின்றார். அறுபது வயது இருக்கும். கையில் பன்னரிவாள், தலையில் சும்மாடு.

"என்ன தம்பி, பாம்பு ஏதும் கெடக்கா?"

"இல்லம்மா, புல்லுதான்."

"புல்லா? அதயா போட்டோ புடிக்கிறீங்க? அங்கிட்டு வாழத் தோப்புப் பக்கம் போனா நல்லா வரும்ல?"

கேமராத் திரையைப் பெரிதாக்கிக் காட்டினேன். சற்று நேரம் உற்றுப் பார்த்தார். "இது கொண்டப்புல்லு. பூக்கறதுக்கு முன்னாடி அறுத்துடணும். பூத்துட்டா மாடு வேண்டா வெறுப்பாத்தான் திங்கும்" என்றார். பிறகு அவராகவே கரையில் உட்கார்ந்து, அறுத்துப் போட்டிருந்த கட்டிலிருந்து ஒவ்வொன்றாக உருவிச் சொல்ல ஆரம்பித்தார். நாணல் குருத்தாக இருந்தால் எருமை தின்னும். முற்றினால் இலை விளிம்பு கையைக் கிழிக்கும். அருகு எப்போதும் நல்லது. கட்டுக்குள் தப்பி வந்திருந்த ஒரு தண்டை எடுத்து, கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினார். "இது கோரை. உருளாது பாருங்க, மூணு பக்கமா நிக்கும். மாடு ஒதுக்கிடும்." அதைத் தூர எறிந்தார்.

தாவரவியல் மாணவருக்குப் புல்லையும் கோரையையும் பிரித்துக் காட்ட ஆசிரியர் முதலில் சொல்லித்தருவது இதே சோதனையைத்தான். புல்லின் தண்டு உருண்டை, கணுக்கள் உண்டு, பெரும்பாலும் கணுவுக்கு இடையில் உள்ளீடு இருக்காது. கோரையின் தண்டு முக்கோணம், உள்ளே கெட்டியாக இருக்கும். இரண்டும் வேறு வேறு குடும்பங்கள். அந்த அம்மா எந்த வகுப்பிலும் உட்காராமல், ஐம்பது வருட அரிவாள் பழக்கத்தில் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். நான் அன்று எடுத்த படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய அந்த இரண்டு விரல்கள்தான்: நகத்தில் பச்சைச் சாறு ஏறியிருக்க, நடுவில் கோரைத் தண்டின் வெட்டுமுகம் துல்லியமான முக்கோணமாக நிற்கிறது.

வயலுக்குள் களையெடுக்கும் பெண்களின் அறிவு இன்னும் நுட்பமானது. நெல்லோடு நெல்லாக முளைக்கும் காட்டுக் குதிரைவாலியை நாற்றுப் பருவத்தில் பிரித்தறிவது மற்றவர்களுக்கு எளிதில்லை. அவர்கள் குனிந்த நிலையில், நடந்துகொண்டே பிடுங்கிவிடுகிறார்கள். எப்படி என்று கேட்டால், "அடி செவந்திருக்கும், எல வழுக்கும்" என்கிறார்கள். லென்ஸ் இன்னொரு அடையாளத்தைக் காட்டுகிறது. புல்லின் இலை தண்டைத் தழுவி நிற்கும் உறையும், விரிந்து போகும் இலையும் சேரும் இடத்தில், உள்பக்கமாகச் சின்ன நாக்கு போல ஒரு சவ்வு இருக்கும். நெல்லில் அது நீளமாக, வெள்ளையாக, நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். கொழுக்கட்டைப் புல்லில் சவ்வுக்குப் பதில் மயிர் வரிசை. காட்டுக் குதிரைவாலியில் அந்த நாக்கே கிடையாது. மொழுமொழுவென்று வெறுமையாக இருக்கும். அரிசிமணி அளவுகூட இல்லாத இந்த இடம் படத்தில் இல்லையென்றால், எவ்வளவு அழகான படமாக இருந்தாலும் பல சமயம் அது என்ன புல் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இதனால்தான் புல்வெளிப் படங்கள் என்று பரிசு வாங்கும் பலவற்றின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. பொன்னிற மாலை வெளிச்சம், அசையும் கதிர்கள், பின்னால் மங்கிய ஆறு. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. எந்தப் புல், எந்த ஊர், எந்த மாதம் என்பதற்கு அதில் பதில் இல்லை. நூறு வருடங்களுக்கு முன் கேமரா வசதி குறைவாக இருந்த காலத்தில், கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் இருந்த ராய் பகதூர் ரங்காச்சாரியார், தடுலிங்க முதலியாரின் துணையோடு தென்னிந்தியப் புற்களைப் பற்றி எழுதிய கையேடு 1921-ல் சென்னையில் வெளிவந்தது. அதில் புல்லின் முழு உருவத்தோடு, கதிரிலிருந்து பிரித்த செதில்களைத் தனித்தனியாகக் கோட்டோவியத்தில் காட்டியிருப்பார்கள். ஒரு புல்லை முழுதாகவும் பார்க்க வேண்டும், பிரித்தும் பார்க்க வேண்டும் என்ற அந்தப் பொறுமை, இன்று மேக்ரோ லென்ஸ் வைத்திருக்கும் நமக்கு வர வேண்டும். ஜெர்மனியின் கார்ல் பிளாஸ்ஃபெல்ட் செடிகளின் துளிர்களையும் கணுக்களையும் பலமடங்கு பெரிதாக்கி எடுத்த படங்களை 1928-ல் நூலாக்கியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அவர் அவற்றை எடுத்தது கண்காட்சிக்காக அல்ல, தன் கலை மாணவர்களுக்குப் பாடம் நடத்த. அமெரிக்காவின் கான்சாஸ் புல்வெளிகளில் டெர்ரி எவன்ஸ் கேமராவைக் கீழ்நோக்கித் திருப்பி, காலடி மண்ணை மட்டுமே சட்டகத்தில் நிரப்பினார். தொடுவானம் வரை விரியும் புல்வெளி நம் ஆற்றங்கரையில் இல்லை. காலடி மண் இருக்கிறது.

திருச்சிக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் இன்னொரு பெருமையும் உண்டு. தூய வளனார் கல்லூரியில் 1967-ல் அருட்தந்தை கே. எம். மேத்யூ தொடங்கிய ராப்பினாட் உலர்தாவரகம் இருக்கிறது. அவரும் அவருடைய குழுவினரும் ஊர் ஊராக அலைந்து சேகரித்ததன் விளைவுதான் 1980-களில் வெளிவந்த தமிழகக் கர்நாட்டிகப் பகுதித் தாவர நூல் தொகுதிகள். பூவுள்ள செடியைத் தேடிப் போவதே சிரமம் என்றிருக்க, புல்லையும் கோரையையும் விடாமல் பறித்து, அழுத்தி, உலர்த்தி, இடமும் தேதியும் எழுதி வைத்தவர்கள் அவர்கள். உலர்ந்த புல்லில் நிறம் போய்விடுகிறது. மகரந்தப் பையின் மஞ்சளும் ஊதாவும் பழுப்பாகிவிடுகின்றன. உயிரோடு எடுத்த நல்ல படம் அந்த இடைவெளியை நிரப்பும்.

நாணலுக்கு வருகிறேன். ஆற்றில் தூர்வாரும்போதும் கரையைப் பலப்படுத்தும்போதும் முதலில் பொக்லைன் கை வைப்பது இதில்தான். நீரோட்டத்தை அடைக்கும் இடத்தில் அகற்றத்தான் வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்து மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்து போனதைப் பார்த்த ஊர் இது. வெள்ளத்தின் பலம் இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் மணலுக்குள் ஆழமாக வேரோடி, திட்டையும் கரையையும் பிடித்து நிறுத்துவதும் இதே நாணல்தான். இன்னொன்றும் இருக்கிறது. கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் வெள்ளைக் கரும்போடு காட்டு நாணலை ஒட்டுச் சேர்த்து உருவாக்கிய கோ 205 என்ற ரகம் 1918-ல் வெளியானது. நாணலின் வலுவைக் கரும்புக்குள் கொண்டுவந்த அந்த வழிமுறையைத்தான் பிறகு உலகம் முழுக்கப் பின்பற்றினார்கள். இன்று நாம் பயிரிடும் கரும்பு ரகங்களில் அநேகமாக எல்லாவற்றிலும் நாணலின் ரத்தம் ஓடுகிறது. ஜீயபுரத்துக்கு மேற்கே சிறுகமணியில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதே சாலையில் போகும்போது ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தால் கரும்பின் காட்டுத் தாயாதி வெள்ளைக் கதிரோடு நிற்கிறது.

புல் அறுத்த அம்மா தூர எறிந்த கோரைக்கு ஆற்றின் மேல்பக்கத்தில் தனி வாழ்வு உண்டு. முசிறி, தொட்டியம் வட்டாரத்தில் பாய்க்கோரையை வயலில் பயிராகவே வைக்கிறார்கள். ஒருமுறை நட்டால் கிழங்கிலிருந்து மறுபடி மறுபடி துளிர்த்து, பல வருடம் அறுப்புக்கு வரும். அறுத்த கோரையை நீளம் பார்த்துப் பிரிப்பது, வெயிலில் பரப்பி உலர்த்துவது, மழை வந்தால் ஓடிப்போய் வாரிக்கட்டுவது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் கையில். நனைந்த கோரை கறுத்துவிடும், கறுத்தால் விலை போகாது. தறியில் இரண்டு பேர் வேலை: ஒருவர் நீண்ட குச்சியின் நுனியில் கோரையைக் கோத்துப் பாவுக்குள் செலுத்துவார், மற்றவர் அச்சை இழுத்து அடிப்பார். அந்த இரண்டு கைகளும் ஒரே தாளத்தில் போகும் வரைதான் பாய் நேராக வரும். விசைத்தறி வந்த பிறகு கைத்தறியில் உட்காருபவர்கள் குறைந்துவிட்டார்கள். பிளாஸ்டிக் பாய் அவர்கள் சந்தையில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது. ஒரு தறிக்காரர் எனக்கு அவசியமான ஒன்றைச் சொன்னார்: "கோரையப் படம் எடுத்தா அறுக்கறவங்க கையையும் சேத்து எடுங்க சார். கை இல்லாம கோரை பாயாகுமா?" அதிலிருந்து நான் புல்லோடு, அதை அறுப்பவர், பிரிப்பவர், மேய்ப்பவர் கையையும் ஒரு படத்திலாவது சேர்த்துக்கொள்கிறேன்.

மேட்டுநிலத்தில் ஒரு ஆட்டுக்காரர் ஊசிப்புல்லின் விதையை உள்ளங்கையில் வைத்து, அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டினார். முறுக்கிக்கொண்டிருந்த நீண்ட வால் மெல்லப் பிரிந்து சுற்றத் தொடங்கியது. ஈரம் பட்டால் முறுக்கு அவிழும், காய்ந்தால் மறுபடி முறுக்கும். அந்தச் சுழற்சியிலேயே கூரான விதை மண்ணுக்குள் துளைத்து இறங்கிவிடும். ஆட்டின் தோலுக்குள்ளும் இறங்கும் என்பதால், கதிர் முற்றும் காலத்தில் மந்தையை அந்தப் பக்கம் ஓட்டமாட்டாராம். அதைத் தொடர்ச்சியாக எடுத்த படங்களை அவருடைய பேரன் கைப்பேசியில் வாங்கிக்கொண்டான்.

இதற்குப் பெரிய கேமரா கட்டாயமில்லை. கைப்பேசியே போதும். உங்கள் ஊர் ஆற்றங்கரையிலோ ஏரிக்கரையிலோ ஒரு புல்லைப் பார்த்தால் நான்கு படம் எடுங்கள்: முழுப் புல், அடித்தூர், இலையும் உறையும் சேரும் இடம், கதிர். அங்கே வேலை செய்பவரிடம் அதன் பேரைக் கேளுங்கள். மாடு தின்னுமா, எப்போது அறுப்பார்கள் என்றும் கேளுங்கள். ஊரும் தேதியும் சேர்த்து எழுதி, இந்தியப் பல்லுயிர்த் தளம் போன்ற பொதுத் தளத்தில் ஏற்றிவிடுங்கள். அடுத்த முறை பொக்லைன் கரைக்கு வருவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள்.