மீட்டர் கேஜ் காலத்து கிதார்

விழுப்புரத்தில் அப்போதெல்லாம் எஞ்சின் மாற்றுவார்கள். எழும்பூரிலிருந்து வரும் மீட்டர் கேஜ் வண்டிகளை மின்சார எஞ்சின் இழுத்து வரும். மின்கம்பி விழுப்புரத்தோடு முடிந்துவிடும். அதைக் கழற்றிவிட்டு, தெற்கே போவதற்கு நிலக்கரி எஞ்சினோ டீசல் எஞ்சினோ மாட்ட வேண்டும். அந்த நேரத்தில் பயணிகள் இறங்கி நடப்பார்கள், கூஜாவில் தண்ணீர் பிடிப்பார்கள், அவித்த மல்லாட்டை (நிலக்கடலை) வாங்குவார்கள். செங்கல்பட்டு, விருத்தாசலம், கடலூர், திருவண்ணாமலை, புதுச்சேரி என்று ஐந்து பக்கம் தண்டவாளம் பிரியும் ஊர் எங்களுடையது. எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகிறவர்களைப் பார்த்தே வளர்ந்தோம். எனக்கு ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை பிடித்துப்போனதற்கு முதல் காரணம் இந்த ஜங்ஷன்தான் என்று நினைக்கிறேன்.

ரயில்வே குவார்ட்டர்ஸில் ஓய்வுபெற்ற ஆங்கிலோ இந்திய ரயில் கார்டு ஒருவர் இருந்தார். அவரை நாங்கள் அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும், கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, வாசலில் உட்கார்ந்து கிதாரை எடுப்பார். வேலியோரம் நின்ற என்னை உள்ளே கூப்பிட்டது அவர்தான். இ, ஏ, பி செவன் என்று மூன்று சுரக்கூட்டுகளை, கிதார்காரர் பாஷையில் கார்டுகளை, சொல்லிக்கொடுத்தார். விரல் நுனி சிவந்துபோய் நான் கையை உதறினால், "வலிக்குதா மேன்? வலிக்கட்டும். காய் புடிச்சாதான் கிதார்காரன்" என்பார். அந்த மூன்று கார்டுகளை வைத்துக்கொண்டு நூறு பாட்டு வாசிப்பார். எல்லாம் ஒரே பாட்டு போலவும் இருக்கும், ஒவ்வொன்றும் வேறு போலவும் இருக்கும்.

அவர் சொன்ன கதைகளில் ஒன்றைப் பின்னாளில் புத்தகத்தில் படித்தேன். 1903 வாக்கில், மிசிசிப்பி மாநிலத்தில் டட்வைலர் என்ற சின்ன ஸ்டேஷனில், தாமதமாக வரும் வண்டிக்காகக் காத்துக் கிடந்தார் டபிள்யூ.சி. ஹேண்டி என்ற இசைக்காரர். பக்கத்தில் கிழிந்த உடையோடு ஒரு கறுப்பின மனிதர் கிதார் தந்தியின் மேல் கத்தியை வைத்து அழுத்தி இழுத்து வாசித்துக்கொண்டிருந்தார். அவர் பாடியது இரண்டு ரயில் பாதைகள் குறுக்கிடும் ஓர் ஊரைப் பற்றி. தான் கேட்டதிலேயே மிக விசித்திரமான இசை அது என்று ஹேண்டி தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். ப்ளூஸைப் பற்றிய முதல் பதிவுகளில் ஒன்று ஒரு ரயில் நிலையத்தில் தொடங்குகிறது. சுற்றிலும் பருத்திக் காடு. எங்களுக்குச் சுற்றிலும் மல்லாட்டையும் கரும்பும். பூமி வேறுதான். ஆனால் கூலிக்காரர் வீட்டுச் சாவில் எழும் ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, அந்தத் தொண்டை கமறும் குரல் எந்த விளக்கமும் இல்லாமல் புரிந்தது.

தெருக்கூத்தையும் சொல்ல வேண்டும். செஞ்சி, மயிலம், திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் பாரதக் கூத்து பார்க்காமல் யாரும் பெரியவராகவில்லை. கூத்தில் வேஷக்காரர் ஓர் அடியைப் பாடுவார். பின்பாட்டுக்காரர்கள் அதே அடியை வாங்கித் திரும்பப் பாடுவார்கள். முகவீணை அதன் மேல் ஏறிச் சுற்றும். அதற்குப் பிறகுதான் அடுத்த அடி. ப்ளூஸின் கட்டமைப்பும் கிட்டத்தட்ட இதுதான். பன்னிரண்டு தாளக்கட்டு, நாலு நாலாக மூன்று பங்கு. முதல் அடியை ஷட்ஜத்தில் நின்று பாடுவார்கள். அதே அடியை மத்திமத்துக்குப் போய் மறுபடியும் பாடுவார்கள். மூன்றாவது அடி பஞ்சமத்தில் தொடங்கி, மத்திமம் வழியாக இறங்கி வந்து பதில் சொல்லி முடிக்கும். ஒவ்வொரு அடிக்கும் பின்னால் கிதார் தன் பங்குக்கு ஒரு வார்த்தை பேசும். அங்கிள் இதை வாசித்துக் காட்டியபோது எனக்கு முகவீணைதான் நினைவுக்கு வந்தது. சொன்னேன். சிரித்துவிட்டு, "அப்போ உனக்குப் பாதி பாடம் முடிஞ்சுது" என்றார்.

மீதிப் பாதி திண்டிவனத்தில் கிடைத்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் ஒரு கேசட் ரெக்கார்டிங் கடை. வேண்டிய பாட்டுகளை நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தால், அறுபது நிமிஷக் கேசட்டில் பதிந்து தருவார்கள். இரண்டு நாள் கழித்து வரச் சொல்வார்கள். கடைக்காரர் சென்னை பர்மா பஜாருக்குப் போய்வரும்போது ஆங்கிலக் கேசட்டும் சில வாங்கி வருவார். அதில் யார் பாடினார்கள் என்று அவருக்கும் தெரியாது, உறையில் எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டிச் சொல்வார். டீப் பர்ப்பிளும் ஈகிள்ஸும் பி.பி. கிங்கும் எனக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தார்கள்.

பேட்டரி இறங்க இறங்க டேப் ரிக்கார்டர் மெதுவாகச் சுற்றும். பாட்டின் சுருதி இ-க்கும் எஃப்-க்கும் நடுவில் எங்கேயோ போய் நிற்கும். அதற்குத் தக்கபடி கிதாரைத் திருகிச் சேர்த்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். ஒரு துண்டைக் கேட்பது, நிறுத்துவது, பின்னால் ஓட்டுவது, மறுபடி கேட்பது. ஓட்டி ஓட்டி அந்த இடத்தில் நாடாவே தேய்ந்து கரகரக்கும். ஈகிள்ஸின் ஹோட்டல் கலிஃபோர்னியா பாட்டின் கடைசியில் டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் மாறி மாறி வாசித்து, பிறகு ஒன்றாகச் சேர்ந்து இறங்கும் இடத்தைப் பிடிக்க ஒரு கோடை விடுமுறை முழுதும் போயிற்று. இரண்டு கிதார் என்று தெரியாமல் ஒரே கையில் பிடிக்கப் பார்த்தால் எப்படி வரும்? அங்கிள்தான் கேட்டுவிட்டுச் சொன்னார், "ரெண்டு பேர் மேன் அது. நீ மேல போ, நான் கீழ வரேன்."

ஸ்மோக் ஆன் தி வாட்டர் பிடிபட்ட நாள்தான் எனக்குப் பெரிய நாள். 1971 டிசம்பர் 4 அன்று சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோ நகரில் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி நடக்கும்போது, கூட்டத்தில் யாரோ தீப்பொறித் துப்பாக்கியைக் கூரையைப் பார்த்துச் சுட, கசினோ கட்டடம் முழுதும் எரிந்தது. ஆல்பம் பதிவு செய்ய அந்த ஊருக்கு வந்திருந்த டீப் பர்ப்பிள் குழுவினர் ஏரி மேல் பரவிய புகையைப் பார்த்து எழுதிய பாட்டு. ரிச்சி பிளாக்மோர் வாசிக்கும் அந்தத் தொடக்கத்தை உலகத்தில் கிதார் பிடித்த எல்லாப் பையன்களும் வாசித்திருப்பார்கள். நான் வாசித்தபோது, எதிர் வீட்டில் வீணை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த மாமி ஜன்னலைத் திறந்து, "என்னடா, சுத்த தன்யாசியில ஆரம்பிச்சு பிரதி மத்திமத்தைத் தொடறே?" என்று கேட்டார்.

எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. பிறகு உட்கார்ந்து பார்த்தால் மாமி சொன்னது அப்படியே உண்மை. ஸ க ம. ஸ க, உடனே ஒரு பிரதி மத்திமம், அதிலிருந்து சுத்த மத்திமத்துக்கு இறக்கம். ராக் இசையில் புரளும் ஐந்து சுரங்கள் சாதாரண காந்தாரமும் கைசிகி நிஷாதமும் சேர்ந்த சுத்த தன்யாசியின் சுரங்களேதான். அதில் அந்நியமாக ஒரு பிரதி மத்திமத்தை நுழைத்தால் ப்ளூஸ். ராகத்துக்குச் சொந்தமில்லாத அந்த ஒரு சுரம்தான் நெஞ்சைப் பிடிக்கிறது.

மாமியிடம் பி.பி. கிங்கையும் போட்டுக் காட்டினேன். அவர் அதிகம் பேசவில்லை. வீணையை மடியில் வைத்து, ஒரே மெட்டில் விரலை ஊன்றித் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, மேலே மூன்று சுரம் கொண்டுவந்தார். பி.பி. கிங் செய்வதும் இதைத்தான். அவருடைய உறவினர் புக்கா வைட், நம் கோட்டுவாத்தியக்காரர்கள் கட்டையை வழுக்குவதைப் போல, தந்தி மேல் உலோகக் குழலை வழுக்கி வாசிப்பவர். அது தனக்குக் கைவராததால் விரலையே நடுங்க வைத்து அந்த ஒலியை வரவழைக்கப் பார்த்தேன் என்று பி.பி. கிங் சொல்லியிருக்கிறார். டிராக்டர் ஓட்டிய பண்ணைத் தொழிலாளி அவர். 1949இல் ஆர்கன்சாவின் ட்விஸ்ட் என்ற ஊரில் தீப்பிடித்த நடனக் கூடத்துக்குள் கிதாரை எடுக்கத் திரும்ப ஓடினார். லூசில் என்ற பெண்ணை முன்னிட்டு இருவர் அடித்துக்கொண்டதால் வந்த தீ. அதற்குப் பிறகு தன் கிதார்களுக்கெல்லாம் லூசில் என்று பெயர் வைத்தார். 2015 மே மாதம் அவர் இறந்த செய்தி வந்தபோது, ஊரில் துக்கம் சொல்லிக்கொள்ள எனக்கு ஆள் இல்லை. அங்கிள் எப்போதோ மகளோடு ஆஸ்திரேலியா போயிருந்தார், கிதாரையும் எடுத்துக்கொண்டு. மாமி காலமாகியிருந்தார்.

இவ்வளவு சொல்லியும் நான் மேடையில் வாசித்தது ப்ளூஸ் இல்லை, இளையராஜா. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அப்போது ஆர்கெஸ்ட்ராக்கள் இருந்தன. மயிலம் பங்குனி உத்திரம், மாசிமகம், அம்மன் கோயில் ஆடித் திருவிழா என்று வருஷம் முழுக்க லாரியில் ஏறிப் போவோம். அறிவிப்பாளர், டிரம்ஸ், தபேலா, கீபோர்டு, பேஸ் கிதார், லீட் கிதார், அப்புறம் அந்த எக்கோ மெஷின். ராத்திரி பத்து மணிக்குச் சாமிப் பாட்டில் தொடங்கினால் விடிய விடிய ஓடும்.

1982இல் பயணங்கள் முடிவதில்லை படம் வந்த பிறகு, லீட் கிதார் வாசிப்பவனுக்கு ஊரில் ஒரு மரியாதையும் ஒரு பரீட்சையும் சேர்ந்தே வந்தன. இளைய நிலா. ஆர். சந்திரசேகர் ஒலிப்பதிவில் வாசித்ததை மேடையில் அப்படியே இறக்க வேண்டும். ஒரு சுரம் தவறினாலும் விசில் பறக்கும். மூடுபனி படத்தில் பிரதாப் போத்தன் கிதாரோடு பாடும் பாட்டுக்கும் அப்படித்தான். களத்தில் சாக்கு விரித்துப் படுத்திருக்கும் மல்லாட்டை வியாபாரி, குழந்தையை மடியில் போட்ட அம்மா, எல்லோருக்கும் அந்த இடையிசை மனப்பாடம். ஒரு கிதார் வாசிப்பை இத்தனை நுணுக்கமாகக் கேட்ட கூட்டம் வேறு எங்காவது இருந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. கிதாரை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்து நட்டவர்களில் சந்திரசேகருக்கும் சதானந்தத்துக்கும் முதல் வரிசை. அவர்கள் முகத்தை அறியாமலே அவர்கள் விரலை ஊரே அறிந்திருந்தது.

பின்னிரவு இரண்டு மணிக்கு, பாடகர் டீ குடிக்கப் போகும்போது, டிரம்ஸ்காரர் என்னைப் பார்த்துத் தலையசைப்பார். அப்போது வாசிப்போம் ப்ளூஸ். அறிவிப்பும் கிடையாது, பாட்டும் கிடையாது. மூன்று கார்டு, பன்னிரண்டு தாளக்கட்டு. சுற்றிச் சுற்றி வருவோம். தூங்கியவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். விழித்திருந்தவர்கள் தாளத்துக்குத் தலையாட்டுவார்கள். பம்பைக்காரர் ஒருவர் மேடையோரம் வந்து உட்கார்ந்து தொடையில் தட்டிக்கொண்டிருந்ததும் உண்டு.

அகலப்பாதையும் தெற்கே மின்கம்பியும் வந்தபின் எஞ்சின் மாற்றுவதற்கான நிறுத்தம் போய்விட்டது. கேசட் கடை செல்போன் ரீசார்ஜ் கடையாகி, இப்போது அதுவும் இல்லை. திருவிழா மேடைகளில் பென் டிரைவில் டிராக் ஓடுகிறது, முன்னால் இரண்டு பேர் மைக் பிடித்துப் பாடுகிறார்கள். செலவு குறைவு, பிழையும் வராது. கமிட்டிக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த டிராக்குக்கு இரவு இரண்டு மணி கிடையாது.

இங்கே ப்ளூஸ் தேடுகிறவர்களுக்குத் தீனி இல்லாமலும் இல்லை. ராணிப்பேட்டையில் வளர்ந்த ஆர். பிரசன்னா கர்நாடக சங்கீதத்தைக் கிதாரில் வாசிக்கிறார், ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்காக ஓர் ஆல்பமே செய்திருக்கிறார். ஷில்லாங்கின் சோல்மேட் குழு மெம்ஃபிஸ் வரை போய் ப்ளூஸ் வாசித்துவிட்டு வந்தது. எங்கள் வானூர்ப் பக்கத்து ஆரோவில்லில் முந்திரி மரத்தடியில் நல்ல கிதார் கேட்கலாம். இவை எல்லாம் பதிவாகின்றன, நிற்கும்.

பதிவு என்ன செய்யும் என்பதற்கு ஒரு கதை உண்டு. 1941இல் நாட்டுப்புற இசை சேகரித்த ஆலன் லோமாக்ஸ் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக ஒலிப்பதிவுக் கருவியோடு மிசிசிப்பிப் பண்ணைகளுக்குப் போனார். ஸ்டோவால் பண்ணையில் ஒரு தொழிலாளி அவருக்கு வாசித்துக் காட்டினார். தன் குரலைத் தானே கேட்ட பிறகுதான், தன்னாலும் இது முடியும் என்ற எண்ணம் அந்தத் தொழிலாளிக்கு உறுதியானது. இரண்டு வருஷத்தில் சிகாகோவுக்கு ரயிலேறினார். அவர்தான் மட்டி வாட்டர்ஸ். அவர் பாட்டின் பெயரைத்தான் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் தங்கள் பெயராக வைத்துக்கொண்டார்கள்.

மயிலத்திலும் முண்டியம்பாக்கத்திலும் வாசித்தவர்களிடம் யாரும் கருவியோடு வரவில்லை. ஒருவர் சர்க்கரை ஆலையில் எலக்ட்ரீஷியன், ஒருவர் தையல்காரர், ஒருவர் தாலுகா ஆபீஸ் டைப்பிஸ்ட். பழைய நிகழ்ச்சி நோட்டீசுகளில் ஊர்ப் பெயரோடு சேர்த்து லீட் கிதார் என்று அச்சானதைத் தவிர அவர்களுக்கு வேறு சான்று இல்லை. சிலர் இன்னும் இருக்கிறார்கள். கைபேசியை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறேன். முதலில் தையல்காரர். இளைய நிலா வாசித்து முடித்துவிட்டு, நான் கேட்காமலே இ-க்குப் போனார்.