உயிர் இல்லை

கம்ப்யூட்டர் ஒன்றை நானே பூட்டினேன். அது எழுந்திருக்கவில்லை. மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. இந்தக் குறிப்பு அந்த மூன்று நாட்களைப் பற்றியது. விமர்சனம் எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். விமர்சனத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். இதைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியவில்லை.

சிறுபத்திரிகைகள் சேர்த்து வைத்திருந்த அலமாரியின் கீழ்த்தட்டைக் கரையான் தின்றுவிட்டது. மிஞ்சியதையாவது ஸ்கேன் செய்து வைக்கலாம் என்று தோன்றியது. கடையில் பூட்டிய கம்ப்யூட்டரையே வாங்கியிருக்கலாம். பாகங்களாக வாங்கினால் பணம் மிச்சம் என்பது வீட்டில் சொன்ன காரணம். சொல்லாத காரணம் கர்வம். ஒரு இரண்டாம் சனிக்கிழமை, வங்கி விடுமுறையன்று, சென்னைக்குப் போய் மவுண்ட் ரோடை ஒட்டிய ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். திண்டிவனத்திலும் செஞ்சியிலும் பஸ் மாறி அனந்தபுரம் வந்து சேர இரவு பத்து மணி. மதர்போர்டுப் பெட்டியை வழி முழுக்க மடியிலேயே வைத்திருந்தேன்.

ஞாயிறு காலை ஆரம்பித்து மத்தியானம் மூன்று மணிக்குப் பூட்டி முடித்தேன். முன்பக்கத்துப் பெரிய பொத்தானை அமுக்கினேன். ஒன்றும் இல்லை. விசிறி அசையவில்லை, சத்தம் இல்லை, கருகல் வாசனைகூட இல்லை. தப்பான விடை வந்திருந்தால் எங்கே தப்பு என்று தேடலாம். மௌனத்தில் தேட முதலில் இடமே புலப்படுவதில்லை.

பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது: இன்டெல் நிறுவனம் 1995ல் வகுத்த ஏடிஎக்ஸ் அமைப்புக்குப் பிறகு, மேஜைக் கம்ப்யூட்டரின் முன்பக்கப் பொத்தான் மின்சாரத்தைத் திறக்கிற ஸ்விட்சே அல்ல. அதற்கு முந்திய அமைப்பில் ஸ்விட்சைத் தட்டினால் மின்சாரம் நேராகப் பாயும். இப்போது பொத்தான் ஒரு விண்ணப்பம் மட்டும் போடுகிறது. மதர்போர்டு அதை வாங்கி, எஸ்.எம்.பி.எஸ். என்கிற மின்பெட்டிக்குப் போகும் ஒரு கம்பியைத் தரைமட்ட அழுத்தத்துக்கு இறக்குகிறது. மின்பெட்டி விழித்து, தன் வோல்டேஜ்கள் நிலைப்பட்டதும், ஒரு நொடியின் பின்னத்துக்குள், ‘சரி’ என்று ஒரு சமிக்ஞை திருப்பி அனுப்புகிறது. அதன்பிறகே பிராஸஸர் வேலை தொடங்குகிறது. வவுச்சர் மூன்று மேஜை கடந்து போவதைப் போல. எந்த மேஜையில் நின்றாலும் கவுண்டரில் நிற்பவனுக்கு ஒரே பதில்தான்: பணம் வரவில்லை.

“செத்த போர்டைத் தலையில கட்டிட்டாங்கப்பா” என்றேன் அப்பாவிடம்.

செத்த என்று சொன்ன மாத்திரத்தில் எனக்கு ஒரு பழைய வாக்கியம் ஞாபகம் வந்தது. ஆறு வருஷம் முன்னால் ஒரு சிறுபத்திரிகையில் ஒரு முதல் கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். எழுதியவர் திண்டிவனம் பக்கத்துக்காரர், என்னைவிட இளையவர். ஒன்றரைப் பக்கம் எழுதி, கடைசி வரியில் ‘இவற்றில் உயிர் இல்லை’ என்று முடித்திருந்தேன். அந்த வரியைப் பாராட்டி இரண்டு நண்பர்கள் கடிதம் போட்டார்கள். அவர் அதற்கப்புறம் எழுதவில்லை. நான்தான் காரணம் என்று எடுத்துக்கொள்வது வேறு மாதிரி அகந்தை; எழுதாமல் போக நம் ஊரில் ஆயிரம் காரணம் இருக்கிறது. ஒரு முறை எங்கள் கிளைக்கு நகைக்கடன் வாங்க வந்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் குறி வைத்துக் கொடுத்தேன். அவருக்கு என்னைத் தெரியும், எனக்கும் அவரைத் தெரியும். இரண்டு பேரும் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

அப்பாவும் வங்கிக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதுகளில் கம்ப்யூட்டர் வேண்டாம் என்று பேட்ஜ் குத்திக்கொண்டு வேலை பார்த்தவர்களில் ஒருவர். வங்கிகளில் இயந்திரம் நுழைவது பற்றி 1983ல் நிர்வாகத்துக்கும் சங்கங்களுக்கும் உடன்பாடு ஏற்பட்டது. மறு வருஷம் ரங்கராஜன் குழுவின் அறிக்கை வந்தது. தன் கிளைக்கு லெட்ஜர் போடும் இயந்திரம் வந்த அன்று, அதற்குத் துணி போர்த்தி, யாரும் தொடாமல் ஒரு வாரம் வைத்திருந்தார்களாம். அப்படிப்பட்டவர் இப்போது ஸ்டூலைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எது வரைக்கும் டாலி ஆவுதுன்னு பாத்தியா?” என்றார்.

கோர் பாங்கிங்கில் வேலை கற்றுக்கொண்ட எங்களுக்கு அந்த இரவுகள் கிடையாது. அவர் காலத்தில் நாள் கணக்கு இடித்தால் வித்தியாசத்தை எடுத்து முதலில் ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார்கள். மீதியில்லாமல் போனால் அநேகமாக இலக்கம் இடம் மாறியிருக்கும். 540 என்பதை 450 என்று எழுதியவன் 90 வித்தியாசம் காட்டுவான். அதிலும் சிக்காவிட்டால் வித்தியாசத்தில் பாதியைத் தேடுவார்கள். பற்றில் போக வேண்டியது வரவில் விழுந்திருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகத் தெரியும். அதற்கும் மசியாவிட்டால் கடைசியாக டாலியான பக்கத்துக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து ஒவ்வொரு பதிவாக டிக் அடித்து வரவேண்டும். லெட்ஜர் செத்துவிட்டது என்று யாரும் சொன்னதில்லை.

டிக் அடிக்க ஆரம்பித்தோம். சுவர்ப் பிளக்கில் டேபிள் விளக்கைச் செருகிப் பார்த்தோம், எரிந்தது. மின்பெட்டியின் பின்புற ஸ்விட்ச் போட்டிருந்தது. மதர்போர்டில் சின்ன விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. ஆக, தூங்கும்போது கொடுக்க வேண்டிய ஐந்து வோல்ட் வந்துகொண்டிருக்கிறது. பெரிய இருபத்துநாலு பின் இணைப்பையும் பிராஸஸருக்கான எட்டு பின் இணைப்பையும் கழற்றிச் செருகினோம். மின்பெட்டியைத் தனியாக எடுத்து, இருபத்துநாலில் பச்சைக் கம்பியையும் ஒரு கறுப்பையும் பேப்பர் கிளிப்பால் இணைத்ததும் அதன் விசிறி சுற்றியது. (அந்தப் பெட்டியை மட்டும் எவரும் திறக்கக் கூடாது, பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.) மதர்போர்டைக் கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்து அட்டைப் பெட்டி மேல் வைத்து, திருகாணி எங்காவது தகரத்தோடு தொட்டுக் குறுக்கிணைப்பு உண்டாக்குகிறதா என்று பார்த்தோம். ஒன்றும் இல்லை. திரும்பவும் பூட்டி, பொத்தானை அமுக்கினேன். அதே மௌனம்.

திங்கள் இரவு தூக்கம் வராமல் டிஃப்ராக் என்ற இயந்திரத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1955ல் தொடங்கி 1960ல் முழு அளவில் ஓட வைத்த கம்ப்யூட்டர். நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டியது. குழுவுக்குத் தலைமை வகித்த ஆர். நரசிம்மன் சென்னைக்காரர், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். அதில் சுமார் 2,700 வால்வுகள். ஞாபக சக்தி 2,048 சொற்கள். என் மடியில் வந்த போர்டின் மூலையில் ஒட்டிக்கொள்ளக்கூடத் தகுதியில்லாத அளவு. ஆனால் 2,700 வால்வு என்றால் 2,700 சந்தேகம். அவர்களுக்கு ‘ஓடவில்லை’ என்பது வேலை தொடங்குகிற இடமாகத்தான் இருந்திருக்க முடியும். எனக்கு ஒரே நாளில் அது தீர்ப்பாகிவிட்டது.

செவ்வாய் மாலை கடைக்குப் போன் செய்தேன். நான் பேசிய விதத்தைத் திரும்ப எழுத வெட்கமாக இருக்கிறது. மறுமுனையில் இருந்த பையன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

“சார், முன்னாடி சின்னதா இன்னொரு பட்டன் இருக்கும், ரீசெட்டுன்னு. அதை ஒரு வாட்டி அமுக்குங்க.”

அமுக்கினேன். விசிறிகள் சுற்றின. திரையில் எழுத்து வந்தது.

முன்பக்கப் பொத்தான்களிலிருந்து வரும் மெல்லிய கம்பிகளை மதர்போர்டின் ஓரத்தில் இரண்டு வரிசைப் பின்களில் செருக வேண்டும். ஒரு மூலையில் ஒரு பின் இருக்காது. அதுதான் திசை காட்டும் அடையாளம். நான் அதைக் கவனிக்காமல் மேல் வரிசையைக் கீழ் வரிசையாகப் படித்திருக்கிறேன். பெரிய பொத்தான் ரீசெட்டின் இடத்திலும் ரீசெட் அதன் இடத்திலும் போய் உட்கார்ந்துவிட்டன. தூங்குகிற இயந்திரத்துக்கு ரீசெட் ஒரு பொருட்டே அல்ல. மூன்று நாளில் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்த நான் அந்த இரண்டு கம்பிகளை மட்டும் தொடவில்லை. படத்தைப் பார்த்து நானே செருகியவை. அதனால் அவை சந்தேகப் பட்டியலிலேயே இல்லை.

பி.ஏ.யில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸின் ‘பிராக்டிகல் கிரிட்டிசிசம்’ (1929) எங்களுக்குச் சொல்லித்தரப்பட்டது. கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் பெயர் போடாத கவிதைகளைக் கொடுத்து, அவர்கள் எழுதிய அபிப்பிராயங்களை வாங்கி, எங்கெங்கே எப்படியெல்லாம் தடுமாறினார்கள் என்று ரிச்சர்ட்ஸ் வகைப்படுத்திய புத்தகம். அது வாசகனின் பழுதுகளைப் பற்றியது. நான் அதைப் படித்துவிட்டுக் கவிதைகளின் பழுதைக் கண்டுபிடிக்கப் புறப்பட்டேன். நான் மட்டும் அல்ல, நம்மில் பலரும் அப்படித்தான் என்று படுகிறது.

புதன்கிழமை அந்தத் தொகுப்பைத் தேடி எடுத்தேன். மேல்தட்டில் இருந்ததால் கரையானுக்குத் தப்பியிருந்தது. அன்று நான் அதில் படிமம் தேடியிருந்தேன். படிமம்தான் கவிதை என்று நாம் ஒரு காலத்தில் முடிவு கட்டி வைத்திருந்த முடிவை நானும் சுவீகரித்துக்கொண்டவன். அதில் படிமம் கிடையாது. ஒரே வரி சின்ன மாறுதலோடு திரும்பத் திரும்ப வருகிறது. நடுவில் பெரிய வெற்றிடம். இதைத்தான் ‘முறித்துப் போட்ட வசனம்’ என்று எழுதியிருந்தேன். இந்த முறை வாய்விட்டுப் படித்தேன். மூன்றாவது கவிதையில் எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கம் கூத்தில் கட்டியங்காரன் திரைக்கு முன் நின்று, வரப்போகிறவனை விளித்து, பதிலுக்கு நிறுத்தி, மறுபடி விளிப்பான் இல்லையா, அந்த அடுக்கு. வெற்றிடம் பதிலுக்காக விட்ட இடம். பதினைந்து கிலோமீட்டர் சுற்றளவில் ராத்திரி ராத்திரி நான் கேட்டு வளர்ந்த குரலை, அச்சில் பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

ஒன்றையும் மிகைப்படுத்த விரும்பவில்லை. நாற்பத்தொரு கவிதைகளில் எட்டு அல்லது ஒன்பதுதான் இப்படி எழுந்து நிற்கின்றன. மற்றவை எத்தனை முறை செருகினாலும் எழுந்திருக்காது என்றே இன்றும் நினைக்கிறேன். விமர்சனம் தீர்ப்பே சொல்லக் கூடாது என்ற இதமான கட்சியில் நான் சேரவில்லை. மின்பெட்டிகள் நிஜமாகவே சாவதும் உண்டு. ஆனால் ‘உயிர் இல்லை’ என்று எழுதுமுன் நான் எதை எதைச் சோதித்தேன் என்று யாராவது கேட்டிருந்தால், அந்த ஒன்பதுக்கு என்னிடம் பதில் இருந்திருக்காது. ஒரு தடவை அமுக்கினேன், எழவில்லை, எழுதிவிட்டேன். தீர்ப்பு அச்சில் வந்தது; திருத்தமும் அச்சில்தான் வரவேண்டும். அதற்காகவே இது.

கம்பிகளை உடனே மாற்றவில்லை. ஒரு மாதம் வரை சின்னப் பொத்தானை அமுக்கித்தான் கம்ப்யூட்டரை எழுப்பினேன். நினைவூட்டலுக்காக அப்படியே விட்டேன் என்று சொன்னால் அழகாக இருக்கும், சோம்பல்தான். ஒரு ராத்திரி இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தபோது, திரை அணைந்திருந்ததைப் பார்த்து எழுப்புவதற்காகப் பழக்கதோஷத்தில் பெரிய பொத்தானை அமுக்கிவிட்டேன். ரீசெட் ஆகி, எழுதியதெல்லாம் போயிற்று. மறுநாளே கம்பிகளை மாற்றினேன். போன பிரதி இதைவிட நீளம். அதில் நான் இன்னும் கொஞ்சம் நல்லவனாக இருந்தேன்.